தவறி விழுந்த சொல், எடுத்து வீசிய சொல்

வார இறுதி தொடங்கும் மாலைகளில் பாசிர் ரிஸ் எம்ஆர்டி நிலையத்துக்கு வெளியே சற்று நேரம் நின்றால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். தெக்கோங் தீவில் அடிப்படை ராணுவப் பயிற்சி பெறும் இளையர்கள் படகில் கரைக்கு வந்து, பேருந்து பிடித்து இங்கே இறங்குவார்கள். ஒட்ட வெட்டிய தலைமுடி, பச்சைச் சீருடை, தோளில் கனத்த பை. நான்கைந்து பேராக நடக்கும்போது பேச்சுக்கு நடுவே ஹொக்கியன் வசைச் சொற்கள் தாராளமாக விழும். அந்தக் கூட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவனும் இருப்பான். ஹொக்கியனில் ஒருவரை நலம் விசாரிக்கத் தெரியாது. ஆனால், திட்டத் தெரியும். தேசிய சேவையில் முதல் வாரத்திலேயே கைவரும் கலை அது.

ஒயிட் சாண்ட்ஸ் கடைத்தொகுதி வாசலில் பெற்றோரும் பாட்டியும் காத்திருப்பார்கள். பாட்டியைக் கண்டதும் பிள்ளையின் வாய் மாறிவிடும். "பாட்டி, சாப்டீங்களா? ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்பான். பத்தடி தூரத்தில் மொழி மாறியது, குரல் மாறியது, முகமும் மாறியது.

இப்போது ஒரு கேள்வி. இந்த இரண்டில் எது உண்மையான பிள்ளை? நண்பர்களிடம் பேசியவனா, பாட்டியிடம் பேசியவனா? இரண்டும் அவன்தான் என்று எந்தப் பெற்றோரும் தயங்காமல் சொல்வார்கள். பாட்டியிடம் அவன் நடிக்கிறான் என்று யாரும் குற்றம் சாட்டுவதில்லை.

ஆனால், பேசுபவர் அரசியல்வாதி என்றால் இந்தத் தெளிவு நமக்குப் போய்விடுகிறது. மேடையில் ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னால், "மனிதர் மனதில் பட்டதை அப்படியே பேசுகிறார், வேஷம் கிடையாது" என்கிறோம். கண்ணியமாகப் பேசுபவரைப் பார்த்து, "யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார்" என்கிறோம். கெட்ட வார்த்தைதான் நிஜம், நல்ல வார்த்தை முகமூடி என்று ஒரு கணக்கு எப்படியோ நம் மனதில் ஏறிவிட்டது. அந்தக் கணக்கு சரிதானா என்பதே இங்கே கேள்வி.

நாடாளுமன்றத்தில் கேட்ட முணுமுணுப்பு

இதற்குச் சிங்கப்பூரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2023 ஏப்ரல் 17ஆம் தேதி. அதிபர் உரை மீதான விவாதம் நாடாளுமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. செங்காங் குழுத்தொகுதியின் பாட்டாளிக் கட்சி உறுப்பினர் ஜமுஸ் லிம், வசதி குறைந்தோருக்குக் கூடுதலாகக் கைகொடுக்க வேண்டும் என்று பேசி அமர்ந்தார். நாடாளுமன்ற நாயகராக இருந்த டான் சுவான் ஜின் அடுத்தவரை அழைப்பதற்கு முன்பு தமக்குள் ஏதோ முணுமுணுத்தார். மக்களைக் கவர்வதற்கான பேச்சு என்ற பொருளில் ஒரு சொல். அதற்கு முன்னால் ஆங்கிலத்தின் அந்த நான்கெழுத்து வசை. ஒலிவாங்கி திறந்தே இருந்தது.

அன்று யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. மூன்று மாதங்கள் கழித்து, ஜூலையில், அந்தச் சில விநாடிகளை யாரோ வெட்டியெடுத்துப் பரப்பினார்கள். ஜூலை 11ஆம் தேதி டான் சுவான் ஜின் மன்னிப்புக் கேட்டார். அது தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட எண்ணம் என்றும், நாடாளுமன்ற மரபுக்கு ஒவ்வாத மொழியில் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாது என்றும் விளக்கினார். ஜமுஸ் லிம்மிடமும் பேசினார், அவரும் மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். அடுத்த வாரமே, ஜூலை 17ஆம் தேதி, டான் பதவி விலகினார். அதற்குக் காரணம் சக உறுப்பினர் ஒருவருடன் இருந்த தகாத உறவு. இந்தச் சொல் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு முன்பும் ஒன்று நடந்தது. 2021 செப்டம்பரில், வெளிநாட்டு ஊழியர்கள் குறித்த நீண்ட விவாதத்தின்போது, வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் பக்கத்தில் இருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது நேரலையில் கேட்டுவிட்டது. சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியின் லியோங் மன் வாய் எப்படி அந்தப் பெயர்பெற்ற பள்ளியில் இடம் பிடித்தார் என்ற கேலி அது. வசைச் சொல் ஏதும் இல்லை. மறுநாளே தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார்.

2021 ஜனவரியில்தான் சிங்கப்பூர் நாடாளுமன்ற அமர்வுகள் முழுமையாக நேரலையில் வரத் தொடங்கின. அதற்கு முன்பும் உறுப்பினர்கள் முணுமுணுத்திருப்பார்கள். கேட்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். தொலைக்காட்சி நிலையங்களில் புதிதாகச் சேர்பவருக்குச் சொல்லித் தரும் முதல் பாடம் ஒன்று உண்டு: சட்டையில் மைக் இருக்கும்வரை அது திறந்திருப்பதாகவே நினைத்துக்கொள். ஒப்பனை அறையில் உதவியாளரைக் கடிந்துகொண்டது, விருந்தினரைப் பற்றி உதிர்த்த கிண்டல் எல்லாம் கட்டுப்பாட்டு அறையில் பத்துப் பேர் காதில் விழும். மைக்குக்கு ஊர்ப் பேச்சு எது, உள்பேச்சு எது என்று தெரியாது.

டான் சுவான் ஜின் விவகாரத்தில் பலர் கண்டித்தார்கள். "அவரும் மனிதர்தானே, ராணுவத்தில் பிரிகேடியர் ஜெனரலாக இருந்தவர், வாயில் வந்துவிட்டது" என்று விட்டுக்கொடுத்தவர்களும் உண்டு. இரு தரப்பும் ஒன்றைக் கவனிக்கவில்லை. மனதில் பட்டது அப்படியே வெளிவந்தது என்று சொல்லத்தக்க சொல் ஒன்று உண்டென்றால் அது இதுதான். யாரையும் கவர்வதற்காகச் சொல்லப்படவில்லை, யாருக்கும் கேட்க வேண்டும் என்று சொல்லப்படவில்லை. ஒத்திகை இல்லாத அந்த உண்மைச் சொல்லுக்கு அவர் மன்னிப்புக் கேட்டார். மேடையில் பல்லாயிரம் பேர் முன்னிலையில் எடுத்து வீசப்படும் சொல்லுக்கோ கைதட்டல் கிடைக்கிறது, "வெளிப்படையானவர்" என்ற பட்டமும் கிடைக்கிறது.

சிரிப்புக்காக விடும் இடைவெளி

அப்படியானால் மேடைச் சொல் திட்டமிட்டதுதான் என்று எப்படித் தெரியும்? இத்தகைய காணொளிகளைப் பொறுமையாகப் பார்ப்பவர்களுக்கு ஓர் அடையாளம் பிடிபடும். கோபத்தில் திட்டுபவர் நிறுத்துவதில்லை. சொல் சொல்லாக அடுக்கிக்கொண்டே போவார், மூச்சு வாங்கும். மேடையில் திட்டுபவரோ அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்துகிறார். சொல்லி முடித்ததும் மறுபடி நிறுத்துகிறார். முதல் நிறுத்தம் எதிர்பார்ப்புக்கு, இரண்டாவது சிரிப்புக்கு. நகைச்சுவை நடிகர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். இத்தாலியில் இதை அரசியலுக்குக் கொண்டுவந்தவரே ஒரு நகைச்சுவைக் கலைஞர்தான். பெப்பே கிரில்லோ 2007 செப்டம்பர் 8ஆம் தேதி போலோன்யா நகரில் நடத்திய பேரணிக்கு வைத்த பெயரே ஓர் இத்தாலிய வசைச் சொல்லின் முதலெழுத்து. அவர் தொடங்கிய இயக்கம் 2013 தேர்தலில் நான்கில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்றது.

நமக்கு அருகில் பிலிப்பீன்சின் ரொட்ரிகோ டுட்டர்ட்டே. 2015 நவம்பரில், போப்பாண்டவர் வருகையால் ஏற்பட்ட போக்குவரத்து நெரிசலைச் சொல்லி, கத்தோலிக்க நாட்டின் மேடையிலேயே அவரைத் திட்டினார். அரசியல் வாழ்வு முடிந்தது என்று நினைத்தார்கள். ஆறு மாதத்தில் அதிபர் தேர்தலில் வென்றார். 2016 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஒபாமாவைக் குறித்து அதே சொல்லைப் பயன்படுத்த, லாவோசில் நடக்கவிருந்த இருவரின் சந்திப்பு ரத்தானது. பின்னர் வருத்தம் தெரிவித்தார். தெருவோர மனிதரைப் போலப் பேசிய அவர் படித்த வழக்கறிஞர், டாவாவ் நகரில் அரசுத் தரப்பு வழக்கறிஞராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். அவருடைய போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் அரசாங்கக் கணக்குப்படியே 6,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 2025 மார்ச்சில் கைதாகி ஹேக் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். "பேச்சுதான் அப்படி, ஆள் அப்படி இல்லை" என்று வாக்களித்தவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய கதை.

ஒரு காலத்தில் இது நேர்மாறாக இருந்தது. 1974இல் அமெரிக்க அதிபர் நிக்சனின் அறைப் பேச்சுப் பதிவுகள் எழுத்தில் வெளிவந்தபோது, வசைகளை நீக்கிவிட்டு "இழிசொல் நீக்கப்பட்டது" என்று அடைப்புக்குறிக்குள் போட்டார்கள். மக்கள் அந்த அடைப்புக்குறிகளைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். தனியே இப்படிப் பேசும் மனிதரா வெளியில் நமக்குப் பண்பு போதித்தவர் என்று கேட்டார்கள். அன்று கெட்ட வார்த்தை பொய்யருக்கு அடையாளம். இன்று அதே வார்த்தை நேர்மைக்கு அடையாளம். மனிதர்கள் மாறவில்லை, அந்தச் சொல்லுக்கு நாம் கொடுக்கும் விலைதான் மாறிவிட்டது. (தொலைக்காட்சியில் 'பீப்' ஒலி போடுவதும் இந்த அடைப்புக்குறி போலத்தான். மறைப்பதற்குப் பதில் அங்கே ஏதோ இருக்கிறது என்று மணியடித்துச் சொல்கிறது.)

ஏன் வேலை செய்கிறது?

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியின் நிக்கொலெட்டா கவாட்சா, மார்கெரித்தா குவிதெத்தி இருவரும் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கற்பனை வேட்பாளர் ஒருவரின் எழுத்தை ஒரு குழுவுக்கு வசைச் சொல்லோடும் மற்றொரு குழுவுக்கு அது இல்லாமலும் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். வசை இருந்த எழுத்து, நெருங்கிப் பேசுவது போன்ற தோற்றத்தையும் ஆளைப் பற்றிய நல்லெண்ணத்தையும் கூட்டியது. ஆனால், அவர் சொன்ன கருத்தின் நம்பவைக்கும் வலிமை அதனால் கூடவில்லை. ஆளைப் பிடித்தது, பேச்சு பிடித்தது என்று சொல்ல முடியாது.

2017இல் இன்னோர் ஆய்வு உலகச் செய்தியானது. கெட்ட வார்த்தை அதிகம் பேசுபவர்கள் நேர்மையாளர்கள் என்று தலைப்புப் போட்டார்கள். அடுத்த ஆண்டே மற்ற ஆய்வாளர்கள் மறுத்து எழுதினார்கள். அந்த ஆய்வில் நேர்மையை அளக்கப் பயன்பட்ட கேள்விகள் உண்மையில் நேர்மையை அளப்பவையே அல்ல என்பது அவர்கள் வாதம். தலைப்பு பரவிய அளவுக்கு மறுப்பு பரவவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இதற்கெல்லாம் முன்பே தமிழ் இலக்கணம் ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. பள்ளியில் படித்தது நினைவிருக்கும். வழக்கு இரண்டு: இயல்பு வழக்கு, தகுதி வழக்கு. தகுதி வழக்கில் மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பலர் முன் சொல்லத்தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் சொல் குழூஉக்குறி. பாசிர் ரிஸ்ஸில் இறங்கும் இளையர்களின் ஹொக்கியன் வசைகளும் ஏறக்குறைய இந்தக் குழூஉக்குறியின் வேலையைத்தான் செய்கின்றன. சேர்ந்து வியர்த்தவர்கள், சேர்ந்து தண்டனை வாங்கியவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட அடையாளம். அங்கே அந்தச் சொல்லுக்கு அதன் அகராதிப் பொருளே கிடையாது. "நீ எங்களில் ஒருவன்" என்பதுதான் பொருள்.

மேடையில் திட்டும் அரசியல்வாதி இந்த நெருக்கத்தைத்தான் கடன் வாங்குகிறார். கூட்டத்தில் இருக்கும் யாரோடும் அவர் சேர்ந்து வியர்த்தவர் அல்ல. ஆனால், நண்பர்களுக்குள் மட்டும் பேசும் சொல்லை உங்கள் முன் பேசிவிட்டார். அப்படியென்றால் நீங்கள் அவருக்கு நண்பர்! தேர்தல் முடிந்த பிறகு அவர் வீட்டு வாசலில் போய் நின்று பார்த்தால்தான் இந்த நட்பின் ஆழம் தெரியும்.

தமிழ்நாட்டு மேடை

தமிழில் இந்த வகைப் பேச்சுக்குத் தனி வரலாறே உண்டு. திராவிட இயக்க மேடை அண்ணாவின் அடுக்குமொழியால் பெயர் பெற்றது. அதே மேடையில் வேறொரு வகைப் பேச்சாளர்களும் வளர்ந்தார்கள். தீப்பொறி ஆறுமுகம், வெற்றிகொண்டான் போன்றோரின் பெயர் சுவரொட்டியில் இருந்தாலே கூட்டம் சேரும். எதிர்க்கட்சித் தலைவர்களை அவர்கள் பச்சையாகக் கேலி செய்வதைக் கேட்கவே ஆட்கள் காத்திருப்பார்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு விதி கொண்டுவரும் முன்பு, கூட்டங்கள் நள்ளிரவையும் தாண்டும். அந்த நேரத்தில் மைதானத்தில் எஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பேசியது அந்த ஊரோடு, அந்த இரவோடு போகும். பேசியவருக்கும் கேட்டவருக்கும் இடையே சொல்லாமல் ஓர் ஒப்பந்தம் இருந்தது.

கைப்பேசி அந்த ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டது. மேடைப் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

2021 மார்ச்சில் சென்னை ஆயிரம் விளக்குத் தொகுதியில் பிரசாரம் செய்த திமுகவின் ஆ. ராசா, அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் அரசியல் வளர்ச்சியை விவரிக்க ஓர் உவமை சொன்னார். அது பழனிசாமியின் பிறப்பையும் தாயையும் தொட்டது. அந்தத் தாய் காலமாகி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. மார்ச் 28ஆம் தேதி திருவொற்றியூர்ப் பிரசாரத்தில் அதைக் குறிப்பிட்டபோது பழனிசாமி குரல் தழுதழுத்து நின்றுவிட்டார். மறுநாள் ராசா மன்னிப்புக் கேட்டார். தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் அவர் பிரசாரம் செய்யத் தடை விதித்தது. தேர்தலில் என்ன ஆயிற்று? திமுக வென்று ஆட்சி அமைத்தது. சொல்லால் வாக்கு குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு கட்சிக்கு மட்டும் உரிய வழக்கம் என்று எண்ண வேண்டாம். 2018 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே, விநாயகர் ஊர்வலம் தொடர்பான தகராறில் பாஜகவின் எச். ராஜா காவல்துறையினரிடம் பேசிய காணொளி வெளியானது. உயர் நீதிமன்றத்தைக் குறித்தே ஓர் இழிசொல் அதில் இருந்தது. காணொளி திரிக்கப்பட்டது என்று முதலில் சொன்னவர், அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டார். மனதில் பட்டதைத் துணிந்து பேசுபவர் என்ற பெயர் வேண்டும், பேசிய சொல் மட்டும் தமதாக இருக்கக் கூடாது!

2023இல் திமுக பேச்சாளர் சிவாஜி கிருஷ்ணமூர்த்தி ஜனவரியில் ஆளுநரை இழிவாகப் பேசி இடைநீக்கம் ஆனார். சில மாதங்களில் மேடைக்குத் திரும்பினார். ஜூனில் நடிகையும் பாஜக பிரமுகருமான குஷ்புவைப் பேசிக் கைதானார், கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார்.

இவற்றையெல்லாம் விஞ்சியது 2025 ஏப்ரலில் நடந்தது. அமைச்சர் பொன்முடி சென்னைக் கூட்டம் ஒன்றில் சைவ, வைணவக் குறியீடுகளைப் பாலியல் தொழிலாளி ஒருவரோடு இணைத்துக் கொச்சையான ஒரு துணுக்கைச் சொன்னார். காணொளி பரவியது. கட்சியின் கனிமொழியே வெளிப்படையாகக் கண்டித்தார். ஏப்ரல் 11ஆம் தேதி துணைப் பொதுச்செயலாளர் பொறுப்பு பறிபோனது. நீதிமன்றமும் கடுமை காட்ட, அதே மாத இறுதியில் அமைச்சர் பதவியும் போனது. நவம்பரில் கட்சிப் பொறுப்பு திரும்பக் கிடைத்தது.

பொன்முடி யார்? வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். முனைவர் பட்டம் பெற்றவர். தமிழ்நாட்டின் உயர்கல்வி அமைச்சராக இருந்தவர். ஆ. ராசா வழக்கறிஞர். டுட்டர்ட்டேயும் வழக்கறிஞர். நீதிமன்றத்திலும் வகுப்பறையிலும் சொல்லை எடைபோட்டுப் பேசிப் பழகியவர்கள் மேடையேறியதும் எடைக்கல்லைத் தூக்கிப் போடுகிறார்கள் என்றால், அதை வாய் தவறியது என்று எடுத்துக்கொள்வது கடினம். பாமரன் இப்படித்தான் பேசுவான் என்று படித்தவர் போட்டுப்பார்க்கும் வேஷம் அது. பாமரனுக்கு அதைவிட அவமதிப்பு இருக்க முடியாது. பள்ளிப் படிப்பைச் சிறு வயதிலேயே நிறுத்திய காமராஜர், விருதுநகர்ப் பேச்சுமொழியிலேயே கடைசிவரை பேசினார். "ஆகட்டும், பார்க்கலாம்" என்ற இரண்டு சொல்லில் ஊரே அவரை அடையாளம் கண்டது. எளியவர் என்று காட்டிக்கொள்ள யார் வீட்டுத் தாயையும் இழுக்க வேண்டிய தேவை அவருக்கு இருந்ததில்லை. பேச்சுத் தமிழ் வேறு, வசைத் தமிழ் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதில்தான் இந்தத் தந்திரமே இருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நியாயமான மறுப்புதான். கண்ணியம், நாகரிகம் என்பதெல்லாம் மேல்தட்டு வகுத்த விதி, ஒடுக்கப்பட்டவர் கோபத்தில் கத்தினால் அதன் காரணத்தைக் கேட்காமல் அவர் உச்சரிப்பைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது அந்த வாதம். சேரி வழக்கையும் கிராம வழக்கையும் 'கொச்சை' என்று ஒதுக்கிய வரலாறு நமக்கு உண்டு. ஆகவே, சொல்லை மட்டும் பார்க்காமல் அது போகும் திசையைப் பார்க்க வேண்டும். கீழே இருப்பவர் மேலே இருப்பவரை நோக்கி எறிந்ததா, மேலே இருப்பவர் கீழே எறிந்ததா? மேலே சொன்ன நிகழ்வுகளை எண்ணிப் பாருங்கள். ஆளுநர், நீதிமன்றம் என்று சில சொற்கள் மேல்நோக்கிப் போயின. மற்றவை யார்மேல் விழுந்தன? முதல்வரைத் திட்டுவதாகக் கிளம்பி, இறந்துபோன அவருடைய தாய்மேல். அரசியலுக்கு வந்த ஒரு பெண்மேல். பெயரில்லாத ஒரு பாலியல் தொழிலாளிமேல். தமிழ் வசையும் சரி, தெக்கோங் இளையர்கள் கற்கும் ஹொக்கியன் வசையும் சரி, சுற்றிச் சுற்றித் தாயிடமே போய் முடிகின்றன. மேடையில் நிற்கும் இரு ஆண்களின் சண்டைக்கு மேடையில் இல்லாத ஒரு பெண் பணம் கட்டுகிறார்.

இங்கே எளிமை காட்டும் விதம்

சிங்கப்பூர் அரசியல்வாதிகளுக்கு மக்களோடு மக்களாகத் தெரிய ஆசை இல்லையா? நிறையவே உண்டு. வழிதான் வேறு. கேம்பிரிட்ஜில் சட்டம் படித்த திரு லீ குவான் இயூ 1961இல் ஹொக்கியன் கற்கத் தொடங்கினார். முதல் ஹொக்கியன் உரையின்போது அவருடைய பிழைகளைக் கேட்டுக் கூட்டத்தில் இருந்த சிறுவர்கள் சிரித்ததை அவரே நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். 1991இல் ஹவ்காங்கில் பாட்டாளிக் கட்சியின் லோ தியா கியாங் வென்றதில் அவருடைய தியோச்சு உரைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

2006 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் பேச்சோடு பேச்சாக "மீ சியாம், ஹம் வேண்டாம்" என்ற பொருளில் ஹொக்கியன் தொடர் ஒன்றைச் சொன்னார். மீ சியாமில் ஹம் என்ற சிப்பியைப் போடும் வழக்கமே இல்லை! ஊர் முழுக்கச் சிரித்தது. லக்சா என்று சொல்ல நினைத்ததாகப் பிரதமர் அலுவலகம் விளக்கம் தந்தது. அதுவும் எளிமை காட்டும் முயற்சிதான், அதுவும் சறுக்கியது. ஆனால், அந்தச் சறுக்கலில் அடிபட்டவர் பேசியவர் மட்டுமே. யாருடைய தாயும் கண்ணீர் விடவில்லை. தேர்தல் நேரத்தில் பாசிர் ரிஸ் உணவங்காடியில் வேட்பாளர் ஒருவர் வரிசையில் நின்று கோப்பி வாங்கும்போது, இவர் தினமும் இங்கே வருபவரா, இல்லை இன்று மட்டுமா என்று பக்கத்து மேசைக்காரருக்குத் தெரிந்துவிடும். அதைச் சோதிக்க வசைச் சொல் தேவைப்படுவதில்லை.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பணியில் இருக்கும் அரசு ஊழியரையோ பொதுச் சேவை ஊழியரையோ இழிவாகத் திட்டினால் 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். பேருந்து நிற்காமல் போன ஆத்திரத்தில் வாயை விட்டவருக்கு, "நான் வெளிப்படையான ஆள்" என்ற வாதம் நீதிமன்றத்தில் கைகொடுக்காது. நாடாளுமன்றத்துக்குள் பேசும் உறுப்பினருக்கோ பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு. அவரைக் கண்டிப்பது அவையின் வேலை. அதிகாரம் கூடக்கூட வாய்க்குக் காவலும் கூடவேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

பாட்டியும் பேரனும்

பாசிர் ரிஸ்ஸின் வீவக வீடுகளில் தமிழ்நாட்டு அரசியல் மேடை இப்போது நேராக வந்து இறங்குகிறது. நாற்பது நிமிட உரை அல்ல. இருபது விநாடித் துண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்புவார், சிரிக்கும் பொம்மை நான்கோடு. அதற்குப் பின் வரும் மன்னிப்பை யாரும் அனுப்புவதில்லை.

ஆங்கிலமே வீட்டுமொழியாகிவரும் குடும்பங்களில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் எங்கிருந்தெல்லாம் கிடைக்கிறது? பள்ளியில் வாரத்துக்குச் சில பாடவேளை. கோயில், திரைப்படம், தொலைக்காட்சி, பாட்டி. பள்ளித் தமிழ் 'செய்தித் தமிழ்', யாரும் அப்படிப் பேசுவதில்லை என்று ஏற்கெனவே அவனுக்கு ஓர் எண்ணம். இந்தத் துண்டுகளைக் கேட்கும்போது, ஓ, இதுதான் அசல் தமிழ் போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்துவிடுகிறான். ஹொக்கியனில் நடந்த அதே கதை. மொழி வருவதற்கு முன்பே வசை வந்துவிடுகிறது. ஹொக்கியன் அவனுக்கு இரவல் மொழி. தமிழ் அப்படியில்லை.

ஹொக்கியன் சொல் பாட்டிக்குப் புரியாது என்ற தைரியம் அவனுக்கு இருக்கிறது. தமிழ்ச் சொல் அவருக்கு முழுதாகப் புரியும். அவனுக்குத்தான் பாதி புரியவில்லை. கைப்பேசியைச் சோபாவில் வைத்துவிட்டு, ஒலியைக் குறைக்காமலே, "பாட்டி, இவர் சொன்னதுக்கு என்ன அர்த்தம்? ஏன் எல்லாரும் சிரிக்கிறாங்க?" என்று கேட்கிறான். பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சாப்பாடு ஆறுது, வா" என்கிறார்.